நீலி கதையை எப்படி எழுதுவது? நான்கு வழிகளும் ஒரு தேர்வும்

யாராவது பொய்யாக அழுதால் 'நீலிக் கண்ணீர் வடிக்காதே' என்கிறோம். சொல்கிற பலருக்கு நீலி யாரென்று தெரியாது. தெரியாவிட்டாலும் ஒன்றும் குறைந்துவிடாது. சொல்லுக்குள்ளேயே தீர்ப்பு இருக்கிறது. அவள் அழுதது நடிப்பு, அவ்வளவுதான். ஆனால் கதையைக் கேட்டுப் பாருங்கள். நீலி கொலையுண்டவள். தன்னைக் கொன்றவனை அடுத்த பிறவியில் தேடி வந்து ஊர்ச் சபை முன்னால் நின்று அழுகிறாள். சொன்ன விவரம் பொய், சரி. அழுகையும் பொய்யா?

இந்தக் கேள்வியில்தான் நான் சில வருடங்களாக மாட்டிக்கொண்டிருக்கிறேன். நீலி கதையை எழுத வேண்டும் என்று ஆசை. நாலு விதமாக எழுதிப் பார்த்துவிட்டேன். ஊர்ச்சாமி கதை, குலதெய்வக் கதை, பாட்டி சொன்ன பழங்கதை என்று எதையாவது எழுத உட்காருகிறவர்கள் முன்னால் பெரும்பாலும் இந்த நாலு வழிகள்தான் வந்து நிற்கும். கேட்டதைக் கேட்டபடி பதிவு செய்யலாம். தெளிவான உரைநடையில் மறுபடி சொல்லலாம். வேறொரு பாத்திரத்தின் பக்கம் போய் நின்றுகொண்டு புதிதாக எழுதலாம். இன்றைய கதை ஒன்றின் அடியில் பழங்கதையைப் புதைத்து வைக்கலாம். எது யாருக்குச் சரிப்படும் என்பதை நீலியை வைத்தே பார்ப்போம்.

கதையும் அதன் பாடங்களும்

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். (பாடங்கள் என்று நான் சொல்வது கதை சொல்லப்படும் வெவ்வேறு வடிவங்களை.) ஒருவன் தன்னை நம்பி வந்த பெண்ணை வழியில் கொன்றுவிடுகிறான். அவளுடைய உடன்பிறந்தவனும் சாகிறான். மறுபிறவியில் அவன் வணிகன், அவள் பேய். அவன் கையில் ஒரு வாள் இருக்கிறது. அது இருக்கும்வரை அவளால் நெருங்க முடியாது. கள்ளிக் கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் பழையனூர்ச் சபைக்கு வருகிறாள். 'இவர் என் புருஷன், என்னை விட்டுவிட்டு ஓடுகிறார்' என்று அழுகிறாள். குழந்தை போய் வணிகன் மடியில் உட்கார்ந்து 'அப்பா' என்கிறது. சபையில் இருந்த எழுபது வேளாளர்கள், 'இவளோடு இரு, உனக்கு ஏதாவது நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருகிறோம்' என்று வாக்குக் கொடுத்து, வாளையும் வாங்கி வைத்துக்கொண்டு, இருவரையும் ஒரே வீட்டில் விடுகிறார்கள். விடிந்து பார்த்தால் வணிகன் பிணமாகக் கிடக்கிறான். எழுபது பேரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்குகிறார்கள்.

பழையனூர் இன்றைய திருவள்ளூர் மாவட்டத்தில், திருவாலங்காட்டை ஒட்டிய ஊர். 7-ஆம் நூற்றாண்டில் அந்தத் தலத்தைப் பாடிய சம்பந்தர் இந்தக் கதையைப் போகிற போக்கில் தொட்டுவிட்டுப் போகிறார்: 'வஞ்சப்படுத்து ஒருத்தி வாழ்நாள் கொள்ளும் வகை கேட்டு அஞ்சும் பழையனூர்'. பெயர் சொல்லவில்லை. 'ஒருத்தி' என்பதோடு சரி. கேட்கிறவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை என்கிற அளவுக்குக் கதை அப்போதே ஊரறிந்ததாக இருந்திருக்கிறது.

தெற்கே, குமரி மாவட்டப் பக்கம் வில்லுப்பாட்டில் பாடப்படும் வடிவம் வேறு. அங்கே கொலைக்கு முந்தின கதை நீளமானது. அவள் தாசி குலத்துப் பெண். அவன் கோயில் பூசை செய்யும் குடும்பத்துப் பிராமணன். கையில் இருந்ததெல்லாம் கரைந்ததும் அவளுடைய தாய் அவனைத் துரத்திவிடுகிறாள். இவளோ நகைகளோடு அவன் பின்னாலேயே வருகிறாள். களைத்துப்போய் அவன் மடியில் தலை வைத்துத் தூங்கும்போது அவன் கல்லைப் போட்டுக் கொல்கிறான். பக்கத்தில் இருந்த கள்ளிச் செடிதான் சாட்சி. பிறகு வரும் கள்ளிக் குழந்தைக்கு அந்த இடத்தில்தான் வேர். இந்த நீலிதான் இசக்கி. முப்பந்தலில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. கையில் குழந்தையோடு நிற்கும் இசக்கியிடம் குழந்தை வரம் கேட்டு வேண்டிக்கொள்கிறார்கள்.

இன்னொரு பக்கம் சமணர்கள். அவர்களுடைய 'நீலகேசி' காப்பியத்தில் பழையனூர் நீலி, ஒரு முனிவரை விரட்டுவதற்காக அழைக்கப்பட்டுப் போகிறாள். பயமுறுத்திப் பார்க்கிறாள், அழகிய பெண்ணாக வந்து மயக்கிப் பார்க்கிறாள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் அவருக்கு மாணவியாகி, கொல்லாமையை ஏற்று, ஊர் ஊராகப் போய்ப் பௌத்தர்களோடும் மற்றவர்களோடும் வாதம் செய்து வெல்கிறாள். ரத்தம் குடித்த பேய் தர்க்க சாஸ்திரம் பேசுகிறது!

ஆக, வேளாளர் தரப்பில் சொன்னால் இது வாக்குத் தவறாத எழுபது பேரின் கதை. வில்லுப்பாட்டில் ஏமாற்றப்பட்டுச் செத்தவள் தெய்வமான கதை. சமணரிடம் மனம் மாறியவளின் கதை. அன்றாடப் பேச்சில் பொய் அழுகைக்காரியின் கதை.

எழுத உட்காருவதற்கு முன் நான் செய்யும் ஒரு வேலை உண்டு. ஒரு நோட்டில் காட்சிக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அந்தக் காட்சி ஒவ்வொரு பாடத்திலும் எப்படி வருகிறது என்று பக்கத்தில் பக்கத்தில் குறித்துக்கொள்வேன். எல்லாப் பாடங்களும் ஒத்துப்போகிற இடங்களைப் பற்றிக் கவலையில்லை. எங்கே முட்டிக்கொள்கின்றன என்றுதான் பார்ப்பேன். நீலி கதையில் கள்ளிக் குழந்தையில் சண்டையில்லை, சபையில் சண்டையில்லை. யார் முதலில் தப்புச் செய்தது, அதை எவ்வளவு நேரம் சொல்வது என்பதில்தான் சண்டை. அந்தச் சண்டையை மூடி மறைக்காமல் தாங்கக்கூடிய வடிவம் எதுவோ அதைத்தான் எடுக்க வேண்டும் என்பது என் கட்சி. கீழே ஒவ்வொரு வழியையும் அந்தக் கல்லில்தான் உரசிப் பார்த்திருக்கிறேன். உரசுவதற்கு ஒரே காட்சி: குழந்தை மடியில் ஏறும் இடம்.

கேட்டதைக் கேட்டபடி

ஒரு மூதாட்டி சொல்வதைப் பதிவு செய்து எழுத்தாக்கினால் ஏறக்குறைய இப்படி வரும்:

'அப்ப பாத்துக்கோ, புள்ளைய இடுப்புலேருந்து எறக்கி உடுதா. உட்டா, அது நேரா போயி அவன் மடியில ஏறி உக்காந்துட்டு. அப்பாங்குது. என்ன செய்வான் அவன்? எழுவது பேரும் பாத்துக்கிட்டு இருக்கானுவ. கள்ளிதான அது, வெறுங் கட்டை. (சிரிக்கிறார்) நமக்குத் தெரியும். அவனுவளுக்குத் தெரியலியே.'

அந்தச் சிரிப்பை எந்த எழுத்தாளனும் கற்பனை செய்து போட்டிருக்க மாட்டான். ஊர்ப் பெரியவர்கள் எழுபது பேர் ஒரு கட்டையைப் பார்த்து ஏமாறுகிறார்கள்; சொல்கிற பாட்டிக்கு அதில் ஒரு சந்தோஷம். அவர் யார் பக்கம் என்பது தெரிந்துவிட்டது. மறுபடி சொல்கிறேன் என்று நான் எழுதியிருந்தால் 'சபையோர் திகைத்தனர்' என்று எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

இந்த வழியின் பலம் இதுதான்: சொல்பவரின் சாய்வு அப்படியே மாட்டிக்கொள்கிறது. ஆனால் வேலை கடுமையானது. ஒரு மணி நேரப் பதிவைக் கேட்டு எழுத ஒரு முழு நாள் உட்கார்ந்தாலும் முடியாது. வட்டார உச்சரிப்பை எந்த அளவுக்கு எழுத்தில் கொண்டுவருவது என்று வரிக்கு வரி தடுமாற்றம் வரும். 'உடுதா' என்று எழுதுவதா, 'விடுகிறாள்' என்று எழுதுவதா? ஒரு முடிவு எடுத்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை அதையே பிடித்துக்கொள்ள வேண்டும். பாதியில் மாற்றினால் சொல்பவரைக் கேலி செய்வது போல் ஆகிவிடும்.

வில்லுப்பாட்டாக இருந்தால் இன்னும் சிக்கல். புலவர் வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டுகிறார். குடம், உடுக்கு, தாளம், கட்டை எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. பக்கத்தில் இருப்பவர்கள் 'ஆமா' போடுகிறார்கள். காப்பு, குருவடி, வருபொருள், நாட்டுவளம் எல்லாம் கடந்துதான் கதைக்குள் போவார்கள். முடியும்போது வாழி பாடுவார்கள். கொடை (கோயில் திருவிழா) நடக்கும் கோயிலில் கதையின் ஒரு கட்டத்தில் சாமி வரும். சாமி வந்தால் பாட்டின் வேகமே மாறிவிடும். காகிதத்தில் இதெல்லாம் அடைப்புக்குறிக்குள் ஒரு குறிப்பாகச் சுருங்கிவிடும். பாட்டின் சொற்களை மட்டும் எழுதிவிட்டு 'கதையைப் பதிவு செய்துவிட்டேன்' என்று சொல்வது, கல்யாண ஆல்பத்தைக் காட்டிச் சாப்பாடு போட்டேன் என்று சொல்வது போல.

பதிவு செய்பவர்கள் பெரும்பாலும் விடுகிற ஒரு விஷயம்: சொல்பவர் எதைச் சொல்லாமல் தாண்டினார் என்பது. சின்னப் பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் தாசி வீட்டுக் கதை மறைந்துபோகும். வேறு சாதிக்காரர் கேட்டுக்கொண்டிருந்தால் சில பெயர்கள் வராது. ஆகவே, யார் சொன்னார், எங்கே, எப்போது, யார் யார் சுற்றி இருந்தார்கள் என்று எழுதிவைக்காத பதிவு பாதிப் பதிவுதான். வெளியிடலாமா என்று ஒரு முறை தொடங்கும்போது கேட்க வேண்டும். ரெக்கார்டரை நிறுத்திய பிறகு இன்னொரு முறை கேட்க வேண்டும். இரண்டாவது முறை கிடைக்கும் பதில் சில சமயம் வேறாக இருக்கும்.

படிக்கிறவர் யார்? ஆய்வாளர்கள், அந்த ஊர்க்காரர்கள், சொன்னவரின் பேரப் பிள்ளைகள். கதை தெரியாத பொது வாசகர் இரண்டாம் பக்கத்திலேயே எழுந்து போய்விடுவார். அதற்காக வருத்தப்பட வேண்டாம், அவருக்கு வேறு வழி இருக்கிறது.

மறுபடி சொல்வது

'நீலி குழந்தையை இறக்கிவிட்டாள். அது தத்தித் தத்தி நடந்துபோய் வணிகனின் மடியில் ஏறி உட்கார்ந்தது. "அப்பா" என்றது. சபையில் மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "பெற்றவள் பொய் சொல்லலாம். பிள்ளை பொய் சொல்லுமா?" என்று கேட்டார்.'

படிக்கச் சுகமாக இருக்கிறது. அதிகம் பேரைப் போய்ச் சேருகிற வழி இதுதான். பழமையும் உண்டு: தொல்காப்பியம் செய்யுளின் வனப்புகள் எட்டில் ஒன்றாகத் 'தொன்மை'யைச் சொல்கிறது, உரையோடு கலந்து வரும் பழைய செய்தி என்பது அதன் இலக்கணம். பழங்கதையையும் உரையையும் சேர்த்துவைப்பது நேற்று வந்த பழக்கம் இல்லை.

இருந்தாலும் நாலில் இதைப் பார்த்துத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். காரணம், இதில் தப்பு வெளியே தெரியாது. இரண்டு மூன்று பாடங்களிலிருந்து நல்ல நல்ல துண்டுகளாகப் பொறுக்கிச் சேர்த்து ஒரே கதையாக்கினால், அது எந்த ஊரிலும் யாரும் சொல்லாத கதையாகிவிடும். எப்படி நடக்கிறது என்பதற்கு அகலிகை ஒரு நல்ல உதாரணம். வால்மீகியின் பாலகாண்டத்தில் அகலிகை கல்லாவதில்லை. சாம்பலில் கிடந்து, காற்றையே உணவாகக் கொண்டு, எவர் கண்ணிலும் படாமல் இருக்க வேண்டும் என்பதுதான் சாபம். வந்தவன் இந்திரன் என்று தெரிந்தேதான் அவள் சம்மதிக்கிறாள். கம்பனில் கல்லாகிறாள், இராமனின் கால் தூசி பட்டு எழுகிறாள். கம்பன்தான் கல்லாக்கினான் என்று முடிவு கட்டினால் அதுவும் தப்பு. பரிபாடலின் 19-ஆம் பாடலில் திருப்பரங்குன்றத்துக்குப் போகிறவர்கள் அங்கே வரைந்திருந்த ஓவியங்களைப் பார்த்து, இது பூனையாக வந்த இந்திரன், இவள் அகலிகை, இது கவுதமனின் சினத்தால் கல்லுருவான விதம் என்று கைகாட்டிச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். கம்பனுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே தமிழ் மலை ஒன்றில் அவள் கல்லாகிவிட்டாள். இது எதையும் பார்க்காமல் 'வால்மீகி ராமாயணக் கதைகள்' என்று தலைப்புப் போட்டு அகலிகையைக் கல்லாக்கி எழுதினால் வாசகருக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு ஆபத்து, ஏற்கெனவே மெழுகப்பட்ட பாடத்தை அப்படியே நம்பிவிடுவது. பாபநாசத்துக்கு மேலே சொரிமுத்தையனார் கோயிலில் வழிபடப்படும் முத்துப்பட்டனின் கதையில், பிராமணனான அவன் வாலப்பகடையின் மகள்கள் பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்க ஆசைப்படுகிறான். வாலப்பகடை செருப்புத் தைக்கும் குலத்தவன். பூணூலை அறுத்துப் போடு, குடுமியை எடு, செருப்புத் தைத்து விற்றுக் காட்டு, அப்புறம் பெண் கேள் என்கிறான். முத்துப்பட்டன் அப்படியே செய்கிறான். பிறகு மாடு திருட வந்தவர்களோடு சண்டை போட்டு உயிர் விடுகிறான். சில பாடங்களில் இதற்கு ஒரு முன்கதை ஒட்டியிருக்கிறது: அந்தப் பெண்கள் உண்மையில் பிராமணருக்குப் பிறந்தவர்கள், வாலப்பகடை எடுத்து வளர்த்தான். இது பின்னால் சேர்க்கப்பட்டது என்று நாட்டார் இலக்கிய ஆய்வாளர் நா. வானமாமலை வாதிட்டார். அவர் வாதத்தைத் தெரிந்துகொள்ளாமலே இதைக் கண்டுபிடிக்கலாம் என்று நினைக்கிறேன். அந்த முன்கதை உண்மையானால், அறுத்துப் போட்ட பூணூலுக்கு என்ன அர்த்தம்? கதையின் உச்சக் காட்சியையே செல்லாக்காசாக்கும் ஒரு விவரம் கதைக்குள்ளிருந்து முளைத்திருக்காது. யாருக்கோ உறுத்தியிருக்கிறது, அதனால் ஒட்டியிருக்கிறார்கள். மதுரைவீரனைக் காசி ராஜாவின் மகனாக்கியதிலும் இதே கைவேலைதான் எனக்குத் தெரிகிறது.

மறுபடி சொல்கிறவர் இந்த ஒட்டைப் பார்த்ததும் என்ன செய்வது? கத்தரித்துப் போட்டுவிட்டால் நாமும் மெழுகுகிறவர் ஆகிவிடுகிறோம், வேறு திசையில். ஒரே பாடத்தை முதுகெலும்பாக எடுத்துக்கொள்வதும், மற்றப் பாடங்கள் எங்கே விலகுகின்றன என்பதைக் கதைக்கு வெளியே ஒரு பக்கத்தில் ஒளிக்காமல் சொல்லிவிடுவதும் நேர்மை. ஏட்டுச்சுவடிகளைப் பதிப்பித்தவர்கள் பாடபேதங்களை அடிக்குறிப்பில் கொடுத்தார்கள். கதை சொல்கிறவருக்கும் அந்த மரியாதை கட்டுப்படியாகும்.

சின்ன விஷயம் ஒன்று. விளக்காதீர்கள். என் முதல் வரைவில், கள்ளியில் வடியும் பாலைத் தாய்ப்பாலோடு ஒப்பிட்டு மூன்று வரி எழுதியிருந்தேன். எழுதும்போது பெருமையாக இருந்தது. ஒரு வாரம் கழித்துப் படித்தபோது குழந்தை செத்திருந்தது. மடியில் ஏறி உட்கார்ந்திருந்தது ஓர் உவமை.

பார்வையை மாற்றுவது

'போன பிறவியில் என் தலை இருந்த மடி அது. தூங்கிவிட்டேன் என்று நினைத்து மெல்லத் தலையைத் தூக்கினான். மணலைக் கூட்டித் தலையணை செய்து அதன்மேல் வைத்தான். அவ்வளவு பதமாக யாரும் என் தலையைத் தொட்டதில்லை. இப்போது என் பிள்ளை அங்கே உட்கார்ந்திருக்கிறது. உதறித் தள்ளப் பார்க்கிறான். எழுபது பேர் பார்ப்பதால் தள்ளாமல் இருக்கிறான்.'

தெற்குப் பாடத்தில் வரும் மடியையும் பழையனூர்ச் சபையில் வரும் மடியையும் சேர்த்து யோசித்தபோது கை தானாக எழுதிய பத்தி இது. இரண்டு மடிகளும் கதையில் ஏற்கெனவே இருந்தவை. நான் செய்தது பக்கத்தில் பக்கத்தில் வைத்தது மட்டும்தான்.

இந்த வழியை ஏதோ நவீன எழுத்தாளர்களின் விஷமம் என்று நினைப்பவர்கள் உண்டு. நீலகேசியைச் செய்தவர் என்ன செய்தாராம்? சைவத் தலத்துப் பேயைச் சமணத் தத்துவவாதியாக்கினார். அதைவிடத் துணிச்சலான பார்வை மாற்றத்தை நான் எங்கும் படித்ததில்லை. நல்ல வேளை, அவர் காலத்தில் 'கதையைக் கெடுத்துவிட்டான்' என்று சண்டைக்கு வந்தவர்களின் பெயர்கள் நமக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் மாற்றுவதில் ஒரு கணக்கு இருக்கிறது. அதைக் கற்றுக்கொள்ள 1943-இல் வந்த புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' சிறுகதை போதும். இராமாயணச் சம்பவங்கள் எதையும் அவர் கலைப்பதில்லை. கல் பெண்ணாகிறது. இராமன் காட்டுக்குப் போகிறான், திரும்பி வருகிறான், சீதை தீக்குளிக்கிறாள். எல்லாம் நமக்குத் தெரிந்தபடியே நடக்கிறது. அவர் கூட்டியது ஒன்றுதான்: சீதை தீக்குளித்த செய்தியை அகலிகையின் காதில் விழவைக்கிறார். தன்னை மன்னித்த இராமனா அதைச் செய்யச் சொன்னான் என்று கேட்டு, அவள் மறுபடி கல்லாகிறாள். நிகழ்ச்சிகளைத் தொடாமல் அவற்றின் பொருளை மட்டும் புரட்டிப் போட்டதால்தான், கோபப்பட்டவர்களாலும் அதை ஒதுக்கித் தள்ள முடியவில்லை.

நம்மில் பலர் தலைகீழாகச் செய்கிறோம். நிகழ்ச்சிகளை வசதிக்கு மாற்றிவிட்டு, பொருளை மட்டும் ஏற்கெனவே நமக்குப் பிடித்ததாக வைத்துக்கொள்கிறோம். நீலி சபையில் நின்று பெண்ணுரிமை பற்றி நாலு பத்தி பேசினால் கைதட்டல் கிடைக்கலாம், ஆனால் அவள் நீலியாக இருக்க மாட்டாள். அவள் சபையை நம்பி வரவில்லை, ஏமாற்ற வந்தாள். 'புருஷன்' என்ற சொல்லைச் சொன்னால் எழுபது ஆண்களும் விசாரணையை நிறுத்திவிடுவார்கள் என்பது அவளுக்குத் தெரிந்திருக்கிறது. நியாயம் கேட்டிருந்தால் கிடைத்திருக்குமா? கொலைக்குச் சாட்சி ஒரு செடி. அந்தத் தந்திரத்தைப் பறித்துக்கொண்டு அவளுக்கு மேடைப் பேச்சைக் கொடுப்பது நல்ல வியாபாரமா?

இதில் பெரிய சங்கடம், கதைக்கு இன்றும் கோயில் இருப்பது. அகலிகையை எழுதுவதும் இசக்கியை எழுதுவதும் ஒன்றல்ல. முப்பந்தலில் வேண்டிக்கொண்டு பிள்ளை பெற்றவருக்கு இசக்கி கதாபாத்திரம் இல்லை, அம்மை. நான் பெயர்களை மாற்றி எழுதிப் பார்த்தேன், கதை உயிரில்லாமல் போயிற்று. பிறகு பெயரை வைத்துக்கொண்டு, அவள் தெய்வமான பின்னால் நடப்பவற்றைத் தொடுவதில்லை என்று எனக்கு நானே ஒரு கோடு போட்டுக்கொண்டேன். வணிகன் இறந்த விடியலோடு என் கதை நின்றுவிடும். இது பயமா மரியாதையா என்று கேட்டால் இரண்டும்தான்.

அடியில் புதைப்பது

நான்காவது வழியைப் பற்றி அதிகம் சொல்ல எனக்கு இல்லை. ஒரு முறைதான் முயன்றேன். காவல் நிலையம். கைக்குழந்தையோடு ஒரு பெண். புருஷன் அடித்த காயம் முகத்தில். ஊர்ப் பெரியவர்கள் நாலைந்து பேர் வந்து, 'வீட்டுக்குப் போம்மா, இனி ஒண்ணும் ஆகாது, நாங்க பொறுப்பு' என்கிறார்கள். நீலியின் பெயர் எங்கும் வராது. மூலக்கதை தெரிந்தவருக்கு அந்த 'நாங்க பொறுப்பு' போதும். பழையனூரில் பொறுப்பேற்ற எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள்; இவர்கள் டீ குடிக்கப் போவார்கள்.

தெரியாதவருக்கு இது வழக்கமான துயரக் கதை, அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அதனால் மூலக்கதை பரவலாகத் தெரிந்திருந்தால் மட்டும்தான் இந்த வழி வேலை செய்யும். கண்ணகியை, கர்ணனைப் புதைக்கலாம். உங்கள் ஊருக்கு மட்டும் தெரிந்த சாமியைப் புதைத்தால் தோண்டி எடுக்க ஆளிருக்காது.

எதைத் தேர்வது

முதன்முதலில் எழுதுகிறீர்களா, சொல்வதற்கு வீட்டில் ஒரு வயதானவர் இருக்கிறாரா? யோசிக்கவே வேண்டாம், முதல் வழி. வெளியிடாவிட்டாலும் பரவாயில்லை, பதிவு செய்து எழுதிவையுங்கள். மற்ற மூன்றையும் பத்து வருடம் கழித்தும் செய்துகொள்ளலாம். இதற்கு மட்டும்தான் நாள் கணக்கு உண்டு.

ஒரே ஒரு பாடம்தான் கிடைத்திருக்கிறது, வேறு எங்கும் தேடியும் அகப்படவில்லை என்றால் பார்வையை மாற்றப் போகாதீர்கள். இருக்கிற ஒன்றையும் மாற்றிவிட்டால், நாளைக்கு உங்கள் கதையைத்தான் மூலம் என்று யாராவது எடுத்துக்கொள்வார்கள். அந்த நிலையில் பதிவும் மறுகூறலும் மட்டுமே நியாயம். பாடங்கள் பல இருந்து, விலகல்கள் ஊர்ப் பெயர், ஆள் பெயர் அளவில் நின்றால் தாராளமாக மறுபடி சொல்லலாம். குழந்தைகளுக்கு எழுதுகிறவர்களுக்கும் அதுதான் பொருத்தம். நீலி கதையைக் குழந்தைகளுக்கு எழுதுவீர்களா என்று கேட்காதீர்கள். பாட்டிகள் சொல்லியிருக்கிறார்கள், எனக்குத் தைரியமில்லை.

பாடங்கள் முட்டிக்கொள்ளும் இடம் யார் குற்றவாளி என்பதாக இருந்தால், மறுகூறல் எப்படியும் ஒரு பக்கம் சாய்ந்துவிடும். சாய்ந்ததை ஒத்துக்கொள்ளவும் செய்யாது. அப்போது மூன்றாவது வழிதான் நேர்மையானது. அது யார் பேசுகிறார் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறது. நீலி அப்படிப்பட்ட கதை. அதனால் நான் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தேன். எழுதி முடித்த பிரதிக்குப் பின்னால், பாட்டி சொன்னதைச் சிரிப்போடு சேர்த்து அப்படியே வைக்கப் போகிறேன். என் நீலி அவருக்குப் பிடிக்கவில்லை என்றால், வாசகர் அவர் பக்கம் போகட்டும்.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி இருக்கிறது. சபைக் காட்சியில் வணிகன் கத்த வேண்டும்: 'இவள் அழுவதை நம்பாதீர்கள்!' அந்த இடத்தில் 'நீலிக் கண்ணீர்' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்து நிற்கிறது. ஆனால் அவனால் அதைச் சொல்ல முடியாது. அந்தச் சொல் பிறப்பதற்கு அவன் முதலில் சாக வேண்டும்.